வெங்காயம் குடியிருந்த கக்கூசு

நம்ம பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு போட்டோ வந்துச்சே, பாத்தீங்களா? அரசாங்க மானியத்துல கட்டுன கக்கூசுக்குள்ள யாரோ ஆட்டைக் கட்டி வச்சிருக்காங்க. அது கதவு வழியா எட்டிப் பாக்குது. அதுக்குக் கீழ நம்ம ஆளுங்க எத்தனை பேரு விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டிருந்தீங்க! ஒருத்தர் எழுதியிருந்தாரு, "சனங்களுக்குக் குடுத்தாலும் அனுபவிக்கத் தெரியாது"ன்னு. என்னமோ இவரு கைக்காசு போட்டுக் கட்டிக் குடுத்த மாதிரி! எனக்குச் சிரிப்பு வரல. வவுத்தெரிச்சல்தான் வந்துச்சு. எங்க வூட்டுக் கக்கூசுல ஆடு இல்ல, வேற ஒண்ணு இருந்துச்சு. அதச் சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு சிரிக்கிறதுன்னா தாராளமா சிரிங்க.

நான் அப்ப மூணாங்கிளாஸ். பெரம்பலூர் பக்கத்துக் குன்னத்துலேருந்து உள்ள தள்ளி எங்க ஊரு. ஊருல எந்த வூட்டுலயும் கக்கூசுங்கிற வஸ்துவே கிடையாது. ஆம்பளைங்களுக்கு ஏரிக்கரை. பொம்பளைங்களுக்கு ரோட்ட ஒட்டின கொல்லை. விடியறதுக்கு முன்னாடி ஒரு தரம், பொழுது சாஞ்சதும் ஒரு தரம். நடுவுல வந்தா அடக்கிக்க வேண்டியதுதான். சோளம் ஆளு ஒசரத்துக்கு நிக்கிற மாசத்துல கவலை இல்ல, நாலு அடி உள்ள போனா யாருக்கும் தெரியாது. சோளத்த அறுத்துட்டா பருத்திச் செடி மறைவு. பங்குனியில அந்தக் காஞ்ச செடி மாரையும் புடுங்கிப் போட்டாங்கன்னா அவ்வளவுதான். கரிசல் மண்ணு கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் மொட்டையாக் கெடக்கும். குந்தறதுக்கு ஒரு புதர் இருக்காது.

இப்படி இருந்த ஊருக்கு யூனியன் ஆபீஸ்லேருந்து ஒரு சார் மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. மானியத்துல கக்கூசு கட்டித் தர்றோம், யாராச்சும் சரின்னு சொல்லுங்கய்யான்னு வூடு வூடாக் கெஞ்சினாரு. "குடியிருக்கிற வூட்டுப் பக்கத்துலயேவா? சீச்சீ"ன்னு தொரத்தி வுட்டாங்க. எங்க அப்பா மட்டும் சரின்னாரு. சுத்தம், சுகாதாரம்னு எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சும்மா வருது. சிமெண்டு, செங்கல்லு, குழிக்கு எறக்குற உறை, பீங்கான், கதவு, கொத்தனார் கூலி எல்லாம் அரசாங்கத்தோடது. குழி தோண்டுறது மட்டும் நம்ம பொறுப்பு. அப்பா ஒரே நாள்ல தோண்டிட்டாரு.

எங்க அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "சார், இதுக்குத் தண்ணி யாரு ஊத்தறது?"

"நீங்கதாம்மா. ஒரு வாளி ஊத்துனாப் போதும்" அப்படின்னாரு.

"அந்த வாளியை யாரு சொமக்கிறது? கெணறு ஊருக்கு அந்தாண்ட இருக்கு. ஆறு பேருக்கு ஆறு வாளி நான் சொமக்கிறதுக்கு, இருட்டோட நடந்து கொல்லைக்கே போயிட்டு வந்துடுவேன்."

சாரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. அம்மா சொன்னதுல என்ன தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. கதவுக்கு மானியம் குடுத்தாங்க, சிமெண்டுக்குக் குடுத்தாங்க. தண்ணிக் கொடத்தை இடுப்புல வக்கிறவளை எவனும் திரும்பிக் கூடப் பாக்கல.

மார்கழியில கட்டி முடிச்சாங்க. ஊரே வேடிக்கை பாக்க வந்துச்சு. எங்க வூடு மண்சுவரு, கூரை. வாசக் கதவு கரையான் தின்னுட்டு அடியில பூனை நொழையற அளவுக்கு ஓட்டை. கக்கூசு என்னடான்னா செங்கல் சுவரு, சிமெண்டுத் தளம், காத்து வர ரெண்டு பக்கமும் ஓட்டை வச்ச சிமெண்டு ஜன்னலு, ஊதா பெயிண்ட் அடிச்ச புதுக் கதவு! அப்பாவுக்குப் பெருமை தாங்கல. மாவிலைத் தோரணம் கட்டி, கக்கூசு வாசல்ல தேங்கா ஒடச்சு, கற்பூரம் கொளுத்தினாரு. சாரு ரிப்பன் வெட்டினாரு. போட்டோக்காரன் வந்து அப்பாவக் கதவு பக்கத்துல நிக்க வச்சுப் படம் புடிச்சான். உள்ள மட்டும் யாரும் போகல. சாமி கும்புட்ட எடத்துல எப்படிப் போறதுன்னு அம்மாவே கேட்டுச்சு.

தை மாசம் அரியலூர்ல எங்க அத்தைக்கு வளைகாப்பு. அத்தை அப்பாவோட ஒரே தங்கச்சி. மாமாவுக்கு சிமெண்ட் ஆலையில வேலை. குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க. அங்க வூட்டுக்குள்ளயே கக்கூசு, கொழாயத் தொறந்தாத் தண்ணி. தலப்பிரசவத்துக்கு அத்தைய ஊருக்கு அனுப்ப மாமா யோசிச்சாரு. "அங்க வசதி பத்தாதே மச்சான், நெறமாசத்துல கொல்லைக்கு நடக்கணுமே"ன்னு இழுத்தாரு.

அப்பா நெஞ்ச நிமித்திக்கிட்டு சொன்னாரு: "எங்க வூட்டுலயும் கக்கூசு இருக்கு மாப்ளே! கவர்ன்மெண்டு கட்டுனது. தைரியமா அனுப்புங்க."

அந்தப் பேச்ச நம்பித்தான் அத்தை வந்துச்சு.

அதுக்கு நடுவுல மாசியில மழை பேஞ்சுச்சு. பேயக் கூடாத மழை. சின்ன வெங்காயத்த எங்க பக்கம் பட்டறை போட்டு வப்பாங்க. குச்சி நட்டு, சோளத்தட்டையால சுத்திக் கட்டி, மேல ஓலை போட்டுக் காத்தாட வக்கிறது. அந்த மழையில பட்டறை அடியில ஈரம் ஏறி வெங்காயம் அழுக ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த வெதைப்புக்கு வச்சிருந்த வெதை வெங்காயம். அது போனா அந்த வருசமே போச்சு. அப்பா சுத்திமுத்திப் பாத்தாரு. எங்க வூட்டுலயே ஈரம் ஏறாத தளம், ரெண்டு பக்கமும் காத்து, பூட்டு போடக் கதவு உள்ள ஒரே எடம் எது? கக்கூசு!

பீங்கான் மேல ஒரு பலகைக் கல்லப் போட்டு மூடினாரு. தட்டையப் பரப்பி, வெங்காயத்த ஜன்னல் மட்டத்துக்குக் கொட்டினாரு. உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளக் கழட்டி வெளிப்பக்கம் அடிச்சு, பூட்டு மாட்டினாரு. வெங்காயம் உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கப் போகுதா என்ன? அவர முட்டாள்னு சொல்ல முடியாது. வெங்காயத்த மட்டும் பாத்தா எங்கப்பா கெட்டிக்காரருதான். அதாங்க எரிச்சல்!

மாசி கடைசியில அத்தை பஸ்ஸ வுட்டு எறங்குச்சு. வவுறு முன்னால தள்ளி, காலு வீங்கி. முகம் கூடக் கழுவல, நேராப் பின்பக்கம் போச்சு. நான் அதும் பின்னாடியே ஓடினேன். ஊதாக் கதவுல பூட்டு தொங்குது. அப்பா ஓடி வந்து பூட்டத் தொறந்து, ஏதோ பொக்கிஷத்தக் காட்டுற மாதிரி கதவ விரியத் தொறந்து காட்டினாரு. உள்ளேருந்து வெங்காய நெடி மூஞ்சியில அடிச்சுச்சு. அந்தக் கக்கூசுல அடிச்ச ஒரே நாத்தம் அதுதான்.

"என்னண்ணே இது?"

"வெதை வெங்காயம் தாயி. ஒண்ணு கூட அழுகல பாரு!"

"நான் எங்கண்ணே போறது?"

"வெதைக்கிற வரைக்கும்தான். கொஞ்ச நாளு அட்ஜஸ்ட் பண்ணிக்க. நீ என்ன ஊருக்குப் புதுசா?"

அத்தை முன்பக்கம் திரும்பி வந்துச்சு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்காக வாசல்லயே குந்திக்கிட்டு இருந்துச்சு.

அதுலேருந்து அத்தைக்குத் துணைக்குப் போறது என் வேலை. அதுக்குள்ள பருத்தி மாரு எல்லாம் புடுங்கியாச்சு. ஒரு மறைவு கெடையாது. போதாக்கொறைக்கு, சுண்ணாம்புக் கல்லு ஏத்துற லாரிங்க அந்த ரோட்டுல வர ஆரம்பிச்சிருந்துச்சு. லாரி வெளிச்சம் பட்டா கொல்லையில குந்தியிருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் சடார்னு எந்திரிச்சு நிப்பாங்க. வெளிச்சம் போனதும் குந்துவாங்க. அடுத்த லாரி வந்தா மறுபடியும் எந்திரிப்பாங்க. இதெல்லாம் ஒடம்பு லேசா இருக்கிறவங்களுக்கு சரி. நெறமாசத்துக்காரி ஒரு தரம் குந்தி எந்திரிக்கவே தரையில கைய ஊணணும்.

அதனால நான் ரோட்டு மேட்டுல நிக்கணும். "வண்டி வந்தா சொல்லுடி"ன்னு அத்தை கீழேருந்து சொல்லும். தூரத்துல வெளிச்சம் தெரிஞ்சதும் நான் "வண்டி!"ன்னு கத்துவேன். அத்தை மூச்சு வாங்கிக்கிட்டு எந்திரிக்கும். சில நாளு குந்தினதும் வண்டி, எந்திரிச்சதும் போச்சு, குந்தினதும் வண்டின்னு மாத்தி மாத்தி வரும். கடைசியில ஒண்ணுமே ஆகாம, "போதும் வாடி, வூட்டுக்குப் போவோம்"னு நடந்துடும்.

கொஞ்ச நாள்ல அத்தை தண்ணி குடிக்கிறத நிறுத்திடுச்சு. காலையில ரெண்டு மடக்கு. அதோட சரி. பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது. நான் மோரு கொண்டு போவேன், "வேணாண்டி கண்ணு"ன்னும். எளநி வெட்டிக் குடுத்தா எனக்கே குடுத்துடும். ஒதடு வெடிச்சுத் தோலு உரிஞ்சு நிக்கும். குடிச்சா பகல்ல வரும். வந்தா எங்க போறது?

இதப் பாத்து எங்கப்பா என்ன நெனச்சாரு தெரியுமா? சீரு பத்தலன்னு தங்கச்சி கோவமா இருக்காளாம்! "அன்ன ஆகாரம் எறங்காம மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா. குவார்ட்டர்ஸ் பவுசு காட்டறா"ன்னு அம்மாகிட்ட பொலம்பினாரு. ஒரு நாளு பெரம்பலூர் சந்தைக்குப் போயி, அவ்வளவு ஆசையா, பளபளன்னு ஒண்ணு வாங்கியாந்து அத்தை முன்னாடி வச்சாரு.

எவர்சில்வர் குடம். தண்ணி குடிக்கவே பயந்து கெடக்கிற பொம்பளைக்குக் குடம்!

அத்தை அந்தக் குடத்தப் பாத்துச்சு. சிரிக்க ஆரம்பிச்சுச்சு. சிரிச்சு சிரிச்சு, வவுத்தப் புடிச்சுக்கிட்டு, கடைசியில அழுதுச்சு. "பாத்தியா, கோவம் போயிடுச்சு"ன்னு அப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கா இல்லையா, சொல்லுங்க.

அந்த சாரு ஒரு தரம் பாக்க வந்தாரு, கக்கூசு எப்படி இருக்குன்னு. அப்பா கதவத் தொறந்தாரு. வெங்காயத்தப் பாத்துட்டு சாரு கொஞ்சம் முழிச்சாரு. "குழி இன்னும் காயல சார், காஞ்சதும் பொழங்கிடுவோம்"னு அப்பா வாய்க்கு வந்ததச் சொன்னாரு. அப்பத்தான் அத்தை சுவத்தப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்துச்சு.

"சார், இதக் காலி பண்ணச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா எங்கண்ணன் கேக்கும்."

அவரு அத்தையோட வவுத்தப் பாத்தாரு, வெங்காயத்தப் பாத்தாரு. "கட்டிக் குடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. உள்ள என்ன வக்கணும்னு நாங்க சொல்ல முடியுமா?" அப்படின்னாரு. போறப்ப அவரு வண்டிக்குப் பின்னாடி அரை மூட்டை வெங்காயம் கட்டியிருந்துச்சு. அரசாங்கத்துக்கு ஒரு கக்கூசு கணக்குல ஏறிடுச்சு. அப்பாவுக்கு வெங்காயம் பத்திரம். சாருக்குக் கொழம்புக்கு ஆச்சு. எல்லாருக்கும் லாபம்.

அத்தைக்குக் காச்ச வந்துச்சு. குளிர்க் காச்ச. ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுச்சு. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லுச்சாம். அம்மா வேப்பெண்ணெய் வெளக்கு ஏத்தி வேண்டிக்கிச்சு. மறுநா மத்தியானம் வவுறு வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. நாளு ஆகல இன்னும். அந்த வழியா வந்த லாரியையே கைகாட்டி நிறுத்தி, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. தெனம் எந்த வெளிச்சத்துக்கு பயந்து எந்திரிச்சு நின்னுச்சோ, அதே லாரி. நானும் அழுது அடம் புடிச்சு ஏறிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரியில நர்சம்மா அத்தைய வுட்டுட்டு எங்களத்தான் புடிபுடின்னு புடிச்சாங்க. "நெறமாசக்காரிக்குத் தண்ணி கூடவா குடுக்க மாட்டீங்க? ஒடம்புல சொட்டுத் தண்ணி இல்ல. ஒண்ணுக்க அடக்கி அடக்கி உள்ள சீழ் புடிச்சிருக்கு. ரெண்டு உசுரும் போயிருக்குமேய்யா!" அப்பா துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னாரு. "தண்ணி நெறைய இருக்குங்க. புதுக்கொடம் கூட வாங்கிக் குடுத்தேன்"னாரு. அந்தம்மா அவர ஏற எறங்கப் பாத்துட்டுப் போயிட்டாங்க.

பொண்ணு பொறந்துச்சு. உள்ளங்கையில வக்கிற அளவு. ஒரு மாசத்துக்கு அது பொழைக்குமா பொழைக்காதான்னு யாருக்கும் தெரியாது. பஞ்சுல சுத்தி வச்சிருந்தாங்க. மாமா அரியலூர்லேருந்து ஓடி வந்தாரு. சத்தம் போடல. அப்பாகிட்ட மெதுவாத்தான் கேட்டாரு.

"கக்கூசு இருக்குன்னு சொன்னீங்களே மச்சான்?"

"இருக்கு மாப்ளே. போட்டோ கூட எடுத்தாங்க."

புள்ள தேறினதும் மாமா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அரியலூருக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அத்தை எங்க வூட்டுக்கு வரல. தொட்டில் கட்டல, பேரு வக்கல, பொறந்த வூட்டு மருந்து கொடுக்கல. அந்த எவர்சில்வர் குடம் மூலையிலயே கெடந்துச்சு. அதுக்கப்புறம் நல்லது கெட்டதுக்கு வந்தாக்கூட வந்த கையோட கெளம்பிடும். எங்கப்பா செத்தப்பவும் அப்படித்தான், பொழுது சாயறதுக்குள்ள பஸ் ஏறிடுச்சு. சாகற வரைக்கும் அப்பா சொன்னது, "சீரு பத்தலன்னு என் தங்கச்சி என்னை வெறுத்துட்டா". ஒரு தரம் கூட அவருக்கு அந்த வெங்காயம் ஞாபகம் வரல. அந்த வருசம் வெங்காயம் வேற அமோகமா வெளஞ்சு தொலைச்சுச்சு! கக்கூசுக்குள்ள அடுத்து யூரியா மூட்டை குடி வந்துச்சு, அதுக்கடுத்து ஓடாமப் போன தண்ணி மோட்டாரு. கடைசியில ஒரு புயல்ல கூரை போயி, சுவரும் விழுந்துடுச்சு. ஒரு மனுசங்கூட அதுக்குள்ள போகாமலே அது செத்துப் போச்சு.

சரி, அது அந்தக் காலம்னு சொல்லுவீங்க. இருங்க, இன்னும் முடியல.

போன ஆவணியில என் தம்பி அதே எடத்துல மெத்தை வூடு கட்டி பால் காச்சினான். பின்பக்கம் புதுக் கக்கூசு, இப்ப இருக்கிற மானியத்துல. டைல்ஸ் போட்டு, பக்கத்துலயே கொழா வச்சு. இப்ப தண்ணி சொமக்கிற வேலை இல்ல, மோட்டாரப் போட்டா டேங்க் நெறஞ்சுடும். யாரோ வந்து செல்போன்ல படம் புடிச்சு அனுப்பி, பணமும் வந்தாச்சு. தம்பி அத்தைக்குப் போன் போட்டு, "எல்லா வசதியும் இருக்கு அத்தை, நீங்க ரெண்டு நாளாச்சும் தங்கணும்"னு கெஞ்சியிருக்கான். மாமா இப்ப இல்ல. அத்தைக்கு மூட்டு ஆபரேசன் ஆயி, ஊணுகோலு வச்சு நடக்குது. மகளோட கார்ல வந்து எறங்குச்சு. உள்ளங்கையளவு பொறந்தாளே, அந்த மகதான். இன்னிக்கு அவளே ஒரு காலேஜுப் பையனுக்கு அம்மா.

தம்பி பொண்டாட்டி சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுச்சு.

"வேணாம் தாயி" அப்படின்னுச்சு அத்தை.

வெளிய வெயிலு கொளுத்துது. அத்தை மூஞ்சியெல்லாம் வேர்வை. ஒதடு காஞ்சு கெடக்கு. நானும் "ஒரு மடக்குக் குடிங்க அத்தை"ன்னேன். "தாகம் இல்லடி"ன்னுச்சு. அவ மகதான் என் காதுல சொன்னா: "இந்தப் பக்கம் வந்தாலே அம்மா இப்படித்தான் மதினி. அரியலூர் தாண்டினதும் பாட்டில மூடி வச்சிடும்."

விறுவிறுன்னு பின்பக்கம் போனேன். புதுக் கதவு. வெளிப்பக்கம் பூட்டு தொங்குது.

"டேய், சாவி எங்கடா?"

தம்பி தலையச் சொறிஞ்சான். "அது வந்துக்கா... வெலை இல்லக்கா இப்ப. பட்டறையில வச்சா ராத்திரி பேயற மழைக்கு நிக்காது. பத்து நாளுதான்..."

"தொறடா!"

தொறந்தான். அதே நெடி. அப்பன் புத்தி அப்படியே புள்ளைக்கு! எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. "பெத்த பொண்ணு இருக்காளேடா உனக்கு! பொண்டாட்டி இருக்காளேடா! அவளுங்க எங்க போறாளுங்க?"ன்னு கத்தினேன். தம்பி பொண்டாட்டி சொம்போட நின்னுக்கிட்டு தரையப் பாத்துச்சு. பட்டுப் பொடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு ரெண்டு கையாலயும் வெங்காயத்த அள்ளினேன். பந்தி போடப் புதுசாத் தொடச்சு வச்சிருந்தான் பாருங்க கூடத்து டைல்ஸு, அதுலயே கொண்டாந்து கொட்டினேன். சொந்தக்காரங்கள்லாம் பேயடிச்ச மாதிரி பாக்கறாங்க. அத்தை மகளும் வந்து அள்ளினா. தம்பி பொண்டாட்டியும் சொம்ப வச்சிட்டு அன்னக்கூடைய எடுத்துக்கிட்டு வந்துடுச்சு. எங்க ரெண்டு பேரையும் விட வேகமா அள்ளுச்சு. "அக்கா, விருந்துக்கா, மானம் போவுதுக்கா"ன்னு தம்பி பின்னாடியே வந்தான். போவட்டும்னேன்.

சருகெல்லாம் கூட்டி, தண்ணி அடிச்சுக் கழுவி வுட்டுட்டு அத்தைகிட்ட வந்து சொம்ப நீட்டினேன். கையெல்லாம் வெங்காய வாசனை.

"காலி பண்ணியாச்சு அத்தை."

என்னையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. சொம்ப வாங்குச்சு. அண்ணாந்து, கழுத்து வழியா ஒழுக ஒழுக, அடி வரைக்கும் குடிச்சுச்சு. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் குடிச்சுச்சு.

அப்புறம் ஊணுகோல ஊணிக்கிட்டு எந்திரிச்சுச்சு. நான் கையப் புடிச்சு பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனேன். உள்ள போயிக் கதவச் சாத்தினப்பதான் தெரியுது, உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. இவனும் வெளிய மட்டுந்தான் வச்சிருக்கான். கதவு தானாத் தொறந்துக்குது.

"நான் புடிச்சுக்கறேன் அத்தை. நீங்க நிம்மதியா இருங்க"ன்னு கதவ இழுத்துப் புடிச்சுக்கிட்டு வெளியில நின்னேன்.

அப்புறம் உள்ளேருந்து அத்தை கொரலு வந்துச்சு.

"வண்டி வந்தா சொல்லுடி."